தேநீர் அறையில் இசைக்கு இடம் எங்கே? ‘சா ஒன்தோ’வை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

கியோட்டோ பக்கம் போனால் தேநீர்ச் சடங்கையும் நேரடி இசையையும் ஒரே சீட்டில் தரும் நிகழ்ச்சிகள் கண்ணில் படும். கோயில் கூடத்தில் செல்லோ, பழைய வணிகர் வீட்டில் கோட்டோ என்ற நீளமான தந்தி வாத்தியம், விடுதித் தோட்டத்தில் புல்லாங்குழல் என்று வடிவம் மாறும். இரண்டும் அமைதியான கலைகள், சேர்த்து வைத்தால் தானாகப் பொருந்திவிடும் என்ற நம்பிக்கையில்தான் பலரும் தொடங்குகிறார்கள். ஆனால் பெரும்பாலும் இசை பின்னணிச் சத்தமாகச் சுருங்கிவிடுகிறது. இல்லையென்றால் தேநீர் போடுபவர் மேடை அலங்காரமாகிவிடுகிறார். இரண்டுக்கும் உரிய மரியாதை கிடைக்கும்படி சேர்க்க முடியுமா?

முடியும் என்பதற்கு நான் எடுத்துக்கொள்ளும் சான்று, 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கியோட்டோவில் உருவான ‘சா ஒன்தோ’ என்ற பாட்டு. ‘சாநோயு ஒன்தோ’ என்றும் சொல்வார்கள். சாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியமும் கோட்டோவும் வாசித்துப் பாடிக்கொண்டிருக்க, அதே மேடையில் ஒருவர் உண்மையாகவே அடுப்பு வைத்துத் தேநீர் போடும் வழக்கம் இந்தப் பாட்டைச் சுற்றி வளர்ந்திருக்கிறது. அது ஏன் பொருந்துகிறது, எங்கே பொருந்தாமல் போகிறது என்று பார்ப்பதற்கு முன், தேநீர் அறைக்குள் ஏற்கெனவே என்னென்ன கேட்கிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும். நிகழ்ச்சி நடத்துபவர்கள் அதிகம் தாண்டிப் போய்விடுவது இந்தப் பகுதியைத்தான்.

வாத்தியம் இல்லாத அறை

சென் நோ ரிக்யூ (1522–1591) செம்மைப்படுத்திய எளிய தேநீர் முறையில் வாத்தியத்துக்கு இடமில்லை. அவர் அமைத்ததாகச் சொல்லப்படும் அறைகளில் இன்று மிஞ்சியிருப்பது கியோட்டோவுக்குத் தெற்கே யமாசாகியில் உள்ள தாய்-அன் மட்டும்தான். தரையில் விரிக்கும் பாய்க் கணக்கில் அதன் பரப்பு இரண்டே பாய். மண் சுவர், காகித ஜன்னல், வைக்கோல் பாய் எல்லாமே சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும் பொருட்கள். எதிரொலி என்பதே கிடையாது. அதனால்தான் அங்கே மிகச் சிறிய ஓசைகூடத் தெளிவாகக் கேட்கும்.

முழுமையான தேநீர் விருந்து சுமார் நான்கு மணி நேரம் நடக்கும். விருந்தினர் வழக்கமாக ஐந்து பேருக்கு மேல் போகமாட்டார்கள். கரி அடுக்குவது, சாப்பாடு, இனிப்பு, இடைவேளை, கெட்டித் தேநீர், மறுபடி கரி, கடைசியில் இளந்தேநீர் என்று வரிசை. இந்த நேரம் முழுவதும் விருந்து தருபவரும் விருந்தினரும் பல செய்திகளை வாய் திறந்து சொல்வதில்லை, ஓசையால் சொல்லிக்கொள்கிறார்கள்.

தோட்டத்தில் காத்திருப்பவர்களுக்குக் கல்தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். வீட்டுக்காரர் வாளியைக் கவிழ்க்கும்போது வேண்டுமென்றே சத்தம் வரும்படி கவிழ்ப்பார். எல்லாம் தயார் என்பது அதன் பொருள். அப்புறம் ஒவ்வொருவராகக் குனிந்து, தவழ்ந்து, அந்தக் குட்டிக் கதவு வழியாக உள்ளே போவார்கள். கடைசி ஆள் கதவைச் சாத்தும்போது ‘டக்’ என்று ஓசை வரவேண்டும். உள்ளறையில் இருப்பவர் அதைக் கேட்டு எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று தெரிந்துகொள்வார். இளந்தேநீரின் கடைசி மடக்கை விருந்தினர் உறிஞ்சுவது காதில் விழும்படிதான் உறிஞ்ச வேண்டும். குடித்து முடித்ததற்கு அதுவே அறிவிப்பு.

இடைவேளை முடிந்ததும் சேகண்டி ஒலிக்கும். ஒரே அளவில் அடிப்பதில்லை. பெரிதாக ஒன்று, சிறிதாக ஒன்று, நடுத்தரமாக இரண்டு, மறுபடி பெரிதாக ஒன்று. தோட்டத்தில் இருக்கும் விருந்தினர்கள் பேச்சை நிறுத்தி, குந்தி உட்கார்ந்து, கடைசி அதிர்வு அடங்கும்வரை கேட்பார்கள். இரவு விருந்தானால் சேகண்டிக்குப் பதில் மணி. வாத்தியம் இல்லாத முறை என்று சொன்னேன். ஆனால் இந்த ஐந்து அடியைக் கச்சேரிக்கு வந்தவர்களின் கவனத்தோடுதான் கேட்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் அடியில், விடாமல் ஒலித்துக்கொண்டிருப்பது இரும்புப் பானை. தண்ணீர் சரியான சூட்டுக்கு வந்ததும் எழும் அந்தச் சீறலை மட்சுகாசே, அதாவது பைன் மரங்களில் வீசும் காற்று என்பார்கள். இது தற்செயலாக வரும் ஓசையும் இல்லை. பானை வார்ப்பவர்கள் உள்ளே அடிப்பகுதியில் சின்ன இரும்புத் துண்டுகளை அரக்குச் சாந்து வைத்து ஒட்டுகிறார்கள். அவற்றின் இடுக்கில் நீராவிக் குமிழ்கள் சிக்கி வெளியேறும்போதுதான் அந்த ஓசை பிறக்கிறது. நம் கச்சேரியில் தம்புரா செய்யும் வேலையை இந்த அறையில் பானை செய்கிறது என்று சொன்னால் மிகையில்லை. எல்லோரும் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், யாரும் தனியாக அதைக் கவனிப்பதில்லை, நின்றால் மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

நிற்கவும் செய்யும். இளந்தேநீர் முடிந்து விருந்தினர் போதும் என்று சொன்னதும், வீட்டுக்காரர் மூங்கில் அகப்பையில் குளிர்ந்த நீரை மொண்டு பானையில் ஊற்றுவார். அந்தக் கணமே சீறல் அடங்கிவிடும். பல மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்த ஓசை திடீரென்று இல்லாமல் போகும் அந்த இடம்தான் முழு விருந்தின் உச்சம் என்பது என் கருத்து. இதை மறைக்கும் எந்த இசையும், எவ்வளவு நன்றாக வாசிக்கப்பட்டாலும், விருந்திலிருந்து எதையோ எடுத்துக்கொண்டுதான் போகிறது.

பாட்டு எங்கிருந்து வந்தது

‘சா ஒன்தோ’வின் சாமிசென் பகுதியை அமைத்தவர் கிகுஒகா கெங்யோ (1792–1847). கெங்யோ என்பது பார்வையற்ற இசைக் கலைஞர்களின் சங்கத்தில் உயர்ந்த பட்டம். அந்தச் சங்கம் 1871-இல் அரசால் கலைக்கப்படும்வரை சாமிசென், கோட்டோ இசையைக் கட்டிக் காத்தவர்கள் அவர்கள்தான். கோட்டோ பகுதியைச் சேர்த்தவர் யாஎசாகி கெங்யோ. கிகுஒகா சாமிசென்னுக்கு எழுத, யாஎசாகி அதற்கு மேல் தனக்கென்று ஓர் ஓட்டம் உள்ள கோட்டோ வரியைப் பின்னுவது என்று இந்த இருவரும் சேர்ந்து செய்த பாட்டுகள் பல. இரண்டு வாத்தியமும் ஒன்றையொன்று நகலெடுக்காமல் பேசிக்கொள்ளும் கியோட்டோ பாணி இவர்கள் காலத்தில்தான் முதிர்ந்தது.

சொற்கள் நகோயாவைச் சேர்ந்த ஹைக்காய்க் கவிஞர் யோகோய் யாயூ (1702–1783) எழுதியதிலிருந்து எடுக்கப்பட்டவை. பூவுக்கு யோஷினோ மலை, சிவந்த இலைக்குத் தத்சுதா, தேநீருக்குத் தலைநகரின் தென்கிழக்கில் இருக்கும் உஜி என்று பாட்டு தொடங்கும். இவற்றையெல்லாம் மிஞ்சியது தலைநகரின் தென்மேற்கில் இருக்கும் ஊர் என்று அடுத்த அடியிலேயே திரும்பும். தென்மேற்கில் இருந்தது ஷிமாபாரா, கணிகையர் பேட்டை. அதன்பிறகு தேநீர்ச் சாமான்கள் ஒவ்வொன்றும் காதலர் பேச்சாகிவிடுகின்றன. கெட்டித் தேநீரின் அடர்பச்சை, பட்டுத் துணியை மடிக்கும் கை, மூங்கில் அகப்பை எல்லாம் வரும். பானையைத் தொங்கவிடும் சங்கிலியைப் போல நம் உறவும் நீளட்டும் என்று வாழ்த்தோடு முடியும்.

இந்த ஆய்வுக்கு எனக்கு மிக முக்கியமாகப் படுவது அந்தத் தென்மேற்கு ஊர். தேநீரும் பாட்டும் சந்தித்த இடம் ரிக்யூவின் இரண்டு பாய் குடிசை கிடையாது. விளக்கு வெளிச்சமும் பேச்சும் சிரிப்பும் நிறைந்த விருந்துக்கூடம் அது. ஷிமாபாராவின் உயர்மட்டக் கணிகையர் தேநீர் முறையும் இசையும் கவிதையும் கற்றவர்கள். அங்கே இருந்த சுமியா என்ற விருந்து மாளிகை இன்றும் நிற்கிறது. அதற்குள் பெரிய கூடங்களும் உண்டு, தேநீர் அறைகளும் உண்டு. ஒரே கூரைக்குக் கீழே இரண்டும் இருந்தன, ஆனால் தனித்தனி அறைகளில். இசையை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு அந்தக் கட்டடத்தின் அமைப்பே பாதிப் பதில் சொல்லிவிடுகிறது என்று நினைக்கிறேன்.

மேடையில் நடப்பது

பாட்டின் அமைப்பு மூன்று பகுதி. முன்பாட்டு, அப்புறம் குரல் இல்லாமல் வாத்தியங்கள் மட்டும் நீளமாகப் போகும் தெகோதோ, கடைசியில் பின்பாட்டு. முழுவதும் வாசித்தால் கால் மணி நேரத்தை ஒட்டி வரும். எளிய இளந்தேநீர் முறையும் ஏறக்குறைய அதே அளவு, சில சமயம் கொஞ்சம் கூட. நேரப் பொருத்தம் ஒரு வசதிதான். ஆனால் பொருத்தம் அதோடு நிற்கவில்லை.

தேநீர் போடுவதற்கும் மூன்று பகுதி உண்டு. முதலில் தண்ணீர்ச் சாடி, தேநீர்ச் செப்பு, கிண்ணம், கழிவுநீர்ப் பாத்திரம் என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்து, பட்டுத் துணியால் செப்பையும் கரண்டியையும் துடைத்துச் சுத்தம் செய்வது. நடுவில் தேநீர் போடுவது. கடைசியில் எல்லாவற்றையும் கழுவி, துடைத்து, வந்த வழியே திருப்பி எடுத்துப் போவது. தொடக்கமும் முடிவும் ஒன்றுக்கொன்று கண்ணாடி போல இருக்கும். பாட்டிலும் அப்படித்தான், இரண்டு பக்கமும் குரல், நடுவில் வாத்தியம்.

ஒசாகாவில் ஒரு சிறு அரங்கில் நான் பார்த்தபோது, முன்பாட்டு முழுவதும் சாமான்கள் வந்து சேர்ந்தன. பட்டுத் துணியை மடிக்கும் இடத்தைப் பாட்டும் கையும் ஏறக்குறைய ஒன்றாகத் தொட்டன. ஏறக்குறைய என்பதுதான் அழகு. சொல்லும் செயலும் அச்சாக ஒரே நொடியில் விழுந்திருந்தால் அது நாட்டிய அபிநயமாகியிருக்கும். தேநீர் போட்ட அம்மையார் பாட்டைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. அவருடைய வேகத்தைத் தீர்மானித்தது தண்ணீரும் கிண்ணமும்தான். வாசித்தவர்கள்தான் அவரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தெகோதோ தொடங்கியபோது அவர் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி, மூங்கில் மத்தை நனைத்துச் சோதித்தார். மத்தை மேலே தூக்கி நுனிகளைப் பார்த்து, இறக்கும்போது அதன் காம்பு கிண்ண விளிம்பில் மெதுவாகத் தட்டும். இந்தத் தட்டலும் முறையின் பகுதி. கோட்டோ அந்த நேரத்தில் மெல்லிய மேல்தந்திகளில் இருந்ததால் முன்வரிசையில் இருந்த எங்களுக்கு அது கேட்டது. அடுத்து இரண்டு கரண்டி பச்சைப் பொடி, ஓர் அகப்பை வெந்நீரில் பாதி, மத்தின் வேகமான சரசரப்பு. இங்கே சாமிசென்னும் கோட்டோவும் மாறி மாறி சிறு சிறு வரிகளை வீசிக்கொள்ளும் பகுதி ஓடிக்கொண்டிருந்தது. கை வேகமும் இசை வேகமும் சேர்ந்து ஏறின. கிண்ணம் விருந்தினர் முன் வைக்கப்பட்டபோது இசை அடங்கத் தொடங்கியிருந்தது.

மெதுவாகத் தொடங்கி, நடுவில் இளகி, விரைந்து முடியும் ஜோ-ஹா-கியூ என்ற ஓட்ட முறையை ஜப்பானிய அரசவை இசையிலும் நோ நாடகத்திலும் தேநீரிலும் பேசுவார்கள். இரண்டு கலைகளும் ஒரே ஓட்டத்தில் வளர்ந்ததால்தான் ஒருவரையொருவர் பிடித்து இழுக்காமலே சேர்ந்து போக முடிகிறது. வெளியிலிருந்து ஒரு வயலின் தனி இசையைக் கொண்டுவந்து வைத்தால் இந்த வசதி கிடைக்காது. அதன் உச்சங்கள் வேறு இடத்தில் இருக்கும்.

குறையும் இருக்கிறது. அரங்கில் பானை பேசவில்லை, பேசியிருந்தாலும் மூன்றாம் வரிசைக்கு எட்டியிருக்காது. குளிர்ந்த நீர் ஊற்றும் அந்த இடம் பின்பாட்டுக்குள் மறைந்துவிட்டது. மேடையில் தேநீர் குடித்தது ஒரே ஒரு விருந்தினர், மற்ற எல்லோரும் பார்வையாளர்கள். சடங்கின் அடிப்படையே கொடுப்பதும் வாங்குவதும் என்னும்போது, வாங்காமல் பார்த்துக்கொண்டே இருப்பது பெரிய இழப்பு. நிகழ்ச்சி முடிந்ததும் பக்கத்துக் கூடத்தில் எல்லோருக்கும் தேநீர் தந்தார்கள். அது உபசாரம், ஆனால் இசையோடு சேர்ந்தது இல்லை.

இன்னொன்று. மேடைத் தேநீர் பெரும்பாலும் மேசை நாற்காலி முறையில் நடக்கிறது. இதுவும் மேடைக்காகவே வந்த சமரசம் என்று நினைக்க வேண்டாம். 1872-இல் கியோட்டோவில் கண்காட்சி நடந்தபோது, வெளிநாட்டினர் தரையில் மடங்கி உட்காரச் சிரமப்படுவார்கள் என்று உராசென்கே தேநீர்ப் பள்ளியின் 11-ஆம் தலைவர் கெங்கென்சாய் இந்த முறையை வகுத்தார். பொதுமக்கள் கூட்டத்துக்கு முன்னால் தேநீர் போடுவதற்கு ஒரு நல்ல வடிவம் 150 ஆண்டுகளாகவே இருக்கிறது. இசையோடு சேர்க்க நினைப்பவர்கள் இதைக் கையிலெடுப்பதில் தவறே இல்லை. வாசிப்பவரும் நாற்காலியில், தேநீர் போடுபவரும் நாற்காலியில் என்றால் இருவருடைய கண்மட்டமும் ஒன்றாகிறது, சைகை காட்டிக்கொள்வதும் எளிதாகிறது.

மற்ற சந்திப்புகள்

‘சா ஒன்தோ’வை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. தேநீரும் இசையும் சேர்ந்த வேறு சூழல்களும் ஜப்பானில் உண்டு.

ஷின்தோ கோயில்களில் தெய்வத்துக்குத் தேநீர் படைக்கும் கென்சா சடங்கு நடக்கிறது. கியோட்டோவின் கிதானோ தென்மாங்கு கோயிலில் ஆண்டுதோறும் டிசம்பர் 1-ஆம் தேதி நடப்பது பெயர் பெற்றது. அன்றைய ஜப்பானின் ஆட்சியாளர் ஹிதெயோஷி 1587-இல் அதே கிதானோவில் நடத்திய மாபெரும் தேநீர்க் கூட்டத்தின் நினைவு அதில் இருக்கிறது. கென்சாவில் தேநீர் போடும் பள்ளித் தலைவர் தன் மூச்சுக்காற்று படாமலிருக்க வாயையும் மூக்கையும் மூடிக்கொள்வார். கோயில் சடங்குகளில் காணிக்கை படைக்கும்போது ககாகு என்ற அரசவை இசை ஒலிப்பது வழக்கம். இங்கே இசையும் தேநீரும் ஒன்றுக்கொன்று போட்டியிடுவதில்லை, ஏனென்றால் இரண்டுமே மூன்றாவது ஒருவருக்காக நடக்கின்றன.

ககாகுவில் ஷோ என்று ஒரு வாய்க்குழல் வாத்தியம் உண்டு. 17 மூங்கில் குழல்கள் கொத்தாக நிற்கும். வாசிப்பவரின் மூச்சிலிருக்கும் ஈரம் உள்ளே இருக்கும் நாக்குகளில் படிந்தால் சுருதி கெட்டுவிடும் என்பதால், வாசிப்பதற்கு முன்பும் இடையிடையேயும் அதைக் கணப்பின் மேல் காட்டிச் சூடேற்றுவார்கள். முன்பு கரி, இப்போது பெரும்பாலும் மின்சார அடுப்பு. தேநீர் போடுபவரிடமும் ஒரு கணப்பு, இசைப்பவரிடமும் ஒரு கணப்பு என்ற அந்தக் காட்சி எனக்கு மிகவும் பிடித்தது. தேநீரோடு சேர்க்க ஜப்பானிய வாத்தியம் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் தயங்காமல் ஷோவைச் சொல்வேன். அது மெட்டுப் போடுவதில்லை, கொத்துக் கொத்தாகச் சுரங்களை எழுப்பி நிறுத்துகிறது. பானையின் சீறலோடு சண்டைக்குப் போகாத ஒலி.

இலைத்தேநீர் வழியில் நிலைமை முற்றிலும் வேறு. பொடித் தேநீர் முறையின் கெடுபிடி பிடிக்காத எழுத்தாளர்களும் ஓவியர்களும் 18-ஆம் நூற்றாண்டில் இலையை ஊறவைத்துக் குடிக்கும் சீனப் பாணிக்குத் திரும்பினார்கள். கியோட்டோ தெருக்களில் தேநீர் விற்ற துறவி பைசாஓ (1675–1763) அவர்களின் ஆதர்சம். சீனத்து ஏழுதந்தி யாழான சின்னும் இதே வட்டாரத்தில்தான் பரவியது. 1677-இல் நாகசாகி வந்த சீனத் துறவி தோகோ ஷின்எத்சு அதை மீண்டும் கற்றுக்கொடுத்தார். ஓவியர் உரகாமி கியோகுதோ (1745–1820) அதில் தேர்ந்தவர். நண்பர்கள் கூடி, ஓவியம் பார்த்து, தேநீர் குடித்து, யாழ் கேட்பது இவர்களுக்கு ஒரே மாலை நேரத்தின் பகுதிகள். யாரும் ‘சேர்க்க’ வேண்டியிருக்கவில்லை. பின்னர் நிலாவீணை போன்ற சீன வாத்தியங்களில் வாசிக்கும் இசையும் இந்தக் கூட்டங்களில் புகுந்து, 1894–95 சீனப் போருக்குப் பிறகு செல்வாக்கு இழந்தது. இசைத் தேநீர் நிகழ்ச்சிக்கு முன்னோடி தேடுபவர்கள் ரிக்யூவின் பரம்பரையை மட்டுமே புரட்டிக்கொண்டிருப்பது வீண் சிரமம். அவர்கள் பார்க்க வேண்டிய பக்கம் இது.

மேலை இசைக்கு வருவோம். 1591 மார்ச் 3. ஐரோப்பா சென்று திரும்பிய நான்கு ஜப்பானிய இளைஞர்கள், கியோட்டோவின் ஜுராகுதாய் மாளிகையில் ஹிதெயோஷியின் முன் மேலை வாத்தியங்களை வாசித்தார்கள். 1582-இல் சிறுவர்களாக நாகசாகியிலிருந்து புறப்பட்டு, போப்பைச் சந்தித்து, கோவா வழியாக 1590-இல் ஊர் திரும்பியவர்கள். அவர்களை அழைத்து வந்த இயேசு சபைத் துறவி வாலிஞானோ, கோவாவிலிருந்த போர்ச்சுகீசிய ஆளுநரின் தூதராக அந்த அவைக்கு வந்திருந்தார். ஹிதெயோஷி விரும்பிக் கேட்டு, மறுபடி மறுபடி வாசிக்கச் சொன்னார் என்று அக்காலத் துறவிகளின் பதிவு சொல்கிறது. அதே ஹிதெயோஷியின் ஆணையால் ரிக்யூ உயிரை விட்டது ஏப்ரல் 21. இடைவெளி ஏழே வாரம். அதே நகரம், அதே எஜமான்.

இந்த அருகாமையை வைத்துக்கொண்டு லூட், வயோல் என்ற பழைய ஐரோப்பியத் தந்தி வாத்தியங்களை வாசித்துத் தேநீர் தரும் நிகழ்ச்சிகளை அமைப்பதுண்டு. அதற்கு நியாயமும் இருக்கிறது. வாலிஞானோ சபை இல்லங்களில் தேநீர் தருவதற்கு இடம் ஒதுக்கச் சொன்னவர். ரிக்யூவின் சீடர்களில் தகாயாமா உகோன் போன்ற கிறிஸ்தவப் பிரபுக்கள் இருந்தார்கள். ஆனால் 1591-இல் நடந்தது அரசவை வரவேற்பு, தேநீர் விருந்து இல்லை. அந்த வேறுபாட்டைச் சொல்லிவிட்டு நிகழ்ச்சியைத் தொடங்குவதே நேர்மை. சொன்னால் சுவை குறைந்துவிடாது, கேட்பவர்கள் இன்னும் கூர்மையாகத்தான் கேட்பார்கள்.

நம் காலத்தில் இசையமைப்பாளர் டான் டன் வேறு பக்கமிருந்து வந்தார். 2002-இல் டோக்கியோவின் சன்டோரி ஹாலில் அரங்கேறிய அவருடைய தேநீர் பற்றிய இசைநாடகத்தில், தண்ணீர்க் கிண்ணங்களும் தொங்கும் காகிதத் தாள்களும் மண்பாண்டங்களும் கற்களும் வாத்தியங்களாகின. 2006 இருக்கைகள் கொண்ட அரங்கில் பானை ஓசையைக் கேட்க வைக்க முடியாதுதான். அந்தப் பொருட்களையே வாத்தியமாக்கினால் முடியும் என்று காட்டியது அது.

மேலை வாத்தியத்தோடு செய்வதென்றால்

இதுவரை பார்த்ததை வைத்து, செல்லோவோ லூட்டோ வைத்துக்கொண்டு ஒரு நிகழ்ச்சி அமைப்பவருக்கு நான் சொல்வது இவை.

கெட்டித் தேநீரின்போது யாரும் எதையும் வாசிக்கக் கூடாது. எல்லோரும் ஒரே கிண்ணத்திலிருந்து குடிக்கும் இடம் அது, பேச்சுகூட அங்கே மிகக் குறைவு. இசைக்கு இயல்பான இடம் இடைவேளை. விருந்தினர்கள் எழுந்து தோட்டத்துக்குப் போகிறார்கள், கால் நீட்டிக்கொள்கிறார்கள், காது ஓய்வாக இருக்கிறது. அங்கே ஒரு தனி வாத்தியம் பத்து நிமிடம் வாசிக்கலாம். ஆனால் முடிந்ததும் கைதட்டல் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். இசைக்கும் சேகண்டிக்கும் நடுவில் போதிய அமைதி இல்லையென்றால் அந்த ஐந்து அடி வீணாகப் போகும். இரண்டாவது இடம் இளந்தேநீர். அது பேச்சும் சிரிப்பும் அனுமதிக்கப்பட்ட பகுதி, ‘சா ஒன்தோ’ உட்கார்ந்திருப்பதும் அங்கேதான். இங்கேயும் குளிர்ந்த நீர் ஊற்றுவதற்கு முன்பே இசை முடிந்துவிட வேண்டும்.

அறை நான்கரைப் பாய் என்றால் பரப்பு சுமார் 8 சதுர மீட்டர். ஒரு கோட்டோ ஏறக்குறைய 180 சென்டிமீட்டர் நீளம், ஒரு முழுப் பாயையும் பிடித்துக்கொள்ளும். வயலினோ பியானோவோ அந்த அளவு அறையில் மற்ற எல்லா ஓசையையும் விழுங்கிவிடும். வாத்தியத்தைப் பக்கத்து அறையில் வைத்து நடுக்கதவைச் சாத்தியோ பாதி திறந்தோ வாசிப்பது நல்ல வழி. அறைக்குள்ளேயே வேண்டுமென்றால் லூட் அல்லது கிளாவிகார்டு. கிளாவிகார்டு விசைப்பலகை வாத்தியங்களிலேயே மிகத் தாழ்ந்த குரல் உடையது, ஒரே அறையில் இருப்பவர்களுக்கென்றே பிறந்தது போன்ற வாத்தியம். சேர்ந்து வாசிக்கும் குழுக்களைத் தவிர்ப்பது நல்லது. நான்கு பேர் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்து வாசிக்கும்போது விருந்தினரின் கண் கிண்ணத்தை விட்டு அங்கே போய்விடும்.

இசைத் தேர்வில், பெரிய ஏற்றமும் வெற்றி முழக்கமான முடிவும் உள்ளவை வேண்டாம். எங்கே வேண்டுமானாலும் நிறுத்தக்கூடிய, சிறு சிறு பகுதிகளாக உள்ளவை தோது. காரணம் நடைமுறை சார்ந்தது. தேநீர் போடுபவர் சில நாள் அரை நிமிடம் முன்பே முடிப்பார், சில நாள் ஒரு விருந்தினர் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரை அவசரப்படுத்தக் கூடாது. யார் யாருக்காகக் காத்திருப்பது என்ற கேள்விக்கு ‘சா ஒன்தோ’ மேடையில் கிடைத்த பதில்தான் என் பதிலும். இசைப்பவர் கையைப் பார்த்து வாசிக்க வேண்டும்.

ஒத்திகையைக் கரி மூட்டி, தண்ணீர் கொதிக்க வைத்து, வாத்தியத்தை அதே அறையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். வெறும் பாத்திரங்களோடு செய்த ஒத்திகையில் எல்லாம் நேரத்துக்கு முடியும், நிகழ்ச்சியன்று பானை சூடேற மறுக்கும். நீராவி ஏறிய அறையில் குடல்தந்தியின் சுருதி மாறும் என்பதால், வாத்தியம் ஒரு மணி நேரம் முன்பே அறைக்குள் வந்து அங்குள்ள ஈரத்துக்குப் பழகியிருக்க வேண்டும். கரியோடு போடும் நறுமணக் கட்டியின் புகை பாடுபவரின் தொண்டைக்கு ஒத்துக்கொள்கிறதா என்பதையும் அன்றைக்கே கேட்டுவிடலாம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அடுப்பு தரைக்குள் பதிந்து அறையின் நடுப்பக்கம் வந்துவிடும். மே முதல் அக்டோபர் வரை அது தனிக் கணப்பாக விருந்தினரை விட்டுத் தள்ளி நிற்கும். அதனால் வாசிப்பவர் உட்காரும் இடமும் பருவத்துக்குப் பருவம் மாறும். இதை முதல் சந்திப்பிலேயே தேநீர் ஆசிரியரிடம் பேசி முடிவு செய்துகொள்வது நல்லது.